சாமி படங்களைத் தண்ணீரில் கரைத்த பச்சையம்மா அக்கா

புதன்கிழமை காலை ஆறரை மணி. உப்பளம் பகுதியில் எங்கள் குப்பை வண்டி ஷெட்டில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. விரல் வைக்கும் இயந்திரம் வழக்கம்போல் நான்கு பேருக்கு ஒருமுறை மக்கர் செய்தது. முதலியார்பேட்டைத் தடத்துக்குப் போக வேண்டிய பச்சையம்மா அக்காவைக் காணோம். சொல்லாமல் லீவு எடுக்கிறவர் இல்லை அவர். ஓட்டுநர் ஏழுமலையிடம், "போன் போட்டுப் பாருங்க, வண்டி கிளம்பணும்" என்றேன். அவர் போட்டார், போனை எடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினார். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே என்னைப் பார்த்து, "சார், அக்கா காலையில எழுந்திரிக்கலையாம்" என்றார்.

"எழுப்பச் சொல்லுங்க" என்றேன்.

"எழுந்திரிக்கவே இல்லையாம் சார்" என்றார் ஏழுமலை.

அடுத்து என் மனதில் ஓடியது, அந்தத் தடத்துக்கு இன்று யாரை அனுப்புவது என்பதுதான். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. பச்சையம்மா அக்காவுக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்திருக்காது. வேறு யாராவது இறந்திருந்தால் அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறோம், அம்மாவோடு வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்களும் எழுதுங்கள் என்று அவர் மகள் செல்வி கேட்டார். நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். நகரத்தில் குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தில் வண்டிகளுக்கும் தடங்களுக்கும் பொறுப்பு. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல மட்டும் தெரியும்.

பச்சையம்மா அக்காவைத் தெரியாதவர்களுக்காக: குள்ளமான உடம்பு, வேகமான நடை. கம்பெனி கொடுத்த பச்சை மேல்கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுப் பித்தான்களை ஒன்றுவிடாமல் மாட்டியிருப்பார். இளவயதில் அவரும் அவர் கணவரும் மில்லில் வேலை பார்த்தவர்கள். மில் மூடியபின் கணவர் கொத்து வேலைக்குப் போனார், இவர் துப்புரவு வேலைக்கு வந்தார். கணவர் காலமாகிச் சில வருடங்களாகின்றன. மகளை நர்சிங் படிக்க வைத்தார். முதலியார்பேட்டையிலேயே இரண்டு அறை வீடு. அவரிடம் குறை என்று ஒன்றை நான் கேட்டதில்லை, எங்கள் கம்பெனி கொடுக்கும் கையுறையைப் பற்றித் தவிர.

நான் வேலையில் சேர்ந்த முதல் மாதமே அவரோடு சண்டை வந்தது. வண்டிகளில் ஜிபிஎஸ் பொருத்தியிருக்கிறோம். எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று திரையில் தெரியும். முதலியார்பேட்டைத் தடத்து வண்டி மட்டும் தினமும் ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்றது. டீக்கடை என்று நினைத்தேன். ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

டீக்கடை இல்லை. வாய்க்கால் ஓரம் ஓர் அரசமரம், அதன் பின்னால் நீண்ட மதில் சுவர். சுவரடியில் எல்லா வகைக் குப்பையும் கிடந்தது. மரத்தடியிலோ சாமிகள். கண்ணாடி உடைந்த பிள்ளையார், செல்லரித்த சட்டத்துக்குள் வள்ளி தெய்வானையோடு முருகன், ஈரம் ஏறி முகம் வெளுத்த சரஸ்வதி, காலண்டர் பெருமாள், மரத்தில் சாய்த்து வைத்த நடராஜர். நம் ஊரில் இது யாருக்கும் புதிதில்லை. படம் பழசாகிவிட்டால் வீட்டில் வைக்கக்கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. ஆகவே மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அது யார் பொறுப்பு என்று யாரும் யோசிப்பதில்லை. அது எங்கள் பொறுப்பு.

சுவரடிக் குப்பையைப் பச்சையம்மா அக்கா மளமளவென்று அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். படங்களைத் தொடும்போது மட்டும் வேகம் குறைந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, மரத்துக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். இருபது நிமிடத்துக்கு அதுதான் காரணம்.

"பச்சையம்மா, இதையும் வண்டியில போடுங்க" என்றேன். அப்போதெல்லாம் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

"போட மாட்டேன் சார்."

"ஏன்?"

"அது அமுக்குற வண்டி சார்."

எங்கள் வண்டியின் பின்பக்கம் ஒரு வாய் இருக்கும். குப்பையை அதில் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் இரும்புத் தகடு இறங்கி எல்லாவற்றையும் நசுக்கி உள்ளே தள்ளும். அவர் சொன்னது அதை.

எனக்குக் கோயில் குளம் போகும் பழக்கம் இல்லை. "இது வெறும் பேப்பர், கண்ணாடி, மரச்சட்டம்" என்று சொல்லிவிட்டு முருகன் படத்தை நானே எடுத்து வண்டியின் வாயில் வைத்தேன். படம் மேல்பார்த்து விழுந்தது. மயில், வேல், இரண்டு பக்கமும் இரண்டு பேர், நடுவில் சிரித்துக்கொண்டு முருகன்.

பச்சையம்மா அக்கா ஒதுங்கி நின்று, "நீங்களே இழுங்க சார்" என்றார்.

கைப்பிடியில் கையை வைத்தேன். ஏழுமலை வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். என்னால் இழுக்க முடியவில்லை. படத்தை வெளியே எடுத்து, "கண்ணாடி இருக்கு. தகட்டுக்கு ஆகாது" என்றேன்.

"ஆமா சார்" என்றார் அவர். "தகடுதான் பாவம்."

ஏழுமலை சத்தமாகச் சிரித்தார். நான் அவருக்கு மெமோ கொடுக்க நினைத்தேன். கொடுக்கவில்லை.

அன்றே ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். நம் ஊர்ச் சுவர்களில் அசிங்கம் செய்யாமல் இருக்கச் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுவார்களே, அது நன்றாக வேலை செய்கிற தொழில்நுட்பம். சாமி முகத்துக்கு முன்னால் யாரும் குப்பை கொட்ட மாட்டார்கள் என்பது என் கணக்கு. பிள்ளையார், முருகன், லட்சுமி, சிவன், பெருமாள், அம்மன் என்று ஆறு டைல்ஸ் வாங்கி மதில் சுவரில் வரிசையாக ஒட்டினேன். ஒரு வாரத்தில் சுவரடி சுத்தமானது. படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். பாராட்டு வந்தது.

அடுத்த வாரம் பிள்ளையார் டைல்ஸில் சந்தனம் இருந்தது. அதற்கடுத்து ஒரு மண் அகல். பிறகு அம்மனுக்குச் சிவப்புத் துணியில் பாவாடை. எண்ணெய் வழிந்து பெருமாள் கறுத்தார். குப்பை நின்றுபோனது உண்மை. ஆனால் சாமி படங்கள் மூன்று மடங்காயின. அதுவரை மரத்தடியில் வைக்கத் தயங்கியவர்கள்கூட, இங்கே கோயில் இருக்கிறது, சாமியைக் கோயிலில் விடுவது நியாயம்தானே என்று நிம்மதியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் சாக்கு மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். உண்டியல் வைக்கலாமா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை நானே காதால் கேட்டேன்.

பச்சையம்மா அக்கா இடுப்பில் கைவைத்து நின்று சிரித்த சிரிப்பு இன்றும் கண்ணில் இருக்கிறது. "குப்பைய நிறுத்துங்கன்னு அனுப்பிச்சா கோயிலக் கட்டி வச்சிட்டீங்களே சார்! கும்பாபிஷேகம் எப்பன்னு சொல்லிடுங்க. நான் லீவு போடணும்."

மேலாளர் சிரிக்கவில்லை. நகரத் தூய்மைக்கான பார்வைக் குழு வரப்போகிறது, திங்கட்கிழமைக்குள் மரத்தடி காலியாக வேண்டும், படங்கள் வண்டியில் ஏற வேண்டும், ஏற்ற மறுக்கும் தொழிலாளியைத் தடத்திலிருந்து எடுத்துக் குப்பை மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். குப்பை மேடு என்றால் நாள் முழுக்க வெயிலில், புகையில், மலைபோல் குவிந்ததைப் பிரிக்கிற வேலை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அங்கே நீண்ட நாள் தாங்க மாட்டார். அது மேலாளருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கையெழுத்து வாங்கப் போனவனும் நான்.

பச்சையம்மா அக்கா மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"கையெழுத்துப் போடறேன். படிச்சேன்னுதானே போடறது, செய்றேன்னு இல்லியே?"

"செய்யலன்னா குப்பை மேடு."

"போறேன்."

"உங்க மகளுக்கு இன்னும் படிப்பு முடியல இல்ல?"

"அதுக்காவ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தச் சாமியெல்லாம் வீட்டு உள்ள இருக்கும்போது நான் தொடக்கூடாது. வாசல்ல நின்னு, தொட்டிய எடுத்து வைம்மான்னு குரல் குடுப்பேன், அவ்ளோதான். வெளியில வந்துட்டா நான் மட்டும்தான் தொடணும். சரி, தொடறேன். ஆனா என்னான்னு தொடறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

அன்றுதான் முதல்முறையாக என்னை 'சார்' போட்டுக் கூப்பிடாமல் பேசினார். கடிதம் வந்தபிறகு அந்த மரியாதை தேவையில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். நானும் அன்றிலிருந்து அக்கா என்றேன்.

"வேற என்னதான் பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றேன் எரிச்சலோடு.

"சதுர்த்திக்கு வாங்குற களிமண் புள்ளயார என்னா பண்றோம்? அடிச்சு ஒடைக்கிறமா? கடல்ல கரைக்கிறம். பேப்பர் சாமியும் கரையும். எனக்கு ரெண்டு டிரம்மு குடு. சனிக்கெழம ரெண்டு மணி நேரம் குடு. அவ்ளோதான்."

வேலைநேரத்தில் இரண்டு மணி நேரத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று யோசித்தேன். 'மூல இடத்தில் பிரித்தெடுத்தல், சோதனை முயற்சி' என்று ஒரு படிவம் போட்டேன். மேலாளர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

மரத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய பம்ப் அறையைத் திறந்து இரண்டு நீல டிரம் வைத்தோம். தண்ணீர் எதிர்வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவரை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை முசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். பச்சையம்மா அக்கா இரண்டையும் சேர்த்து, "சொல்தா முசியே, பைப்ப தொறந்து உடுங்க" என்று கத்துவார். அவரும் திறந்துவிடுவார்.

அந்த வாரம் வெள்ளியும் சனியும் ஞாயிறும் வேலை செய்தோம். முதலில் பின்புறத்து ஆணிகளைக் குறட்டால் பிடுங்க வேண்டும். கண்ணாடி ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம். நடுவிலிருக்கும் படம் தண்ணீருக்குள் போகும். ஊறியபின் கிழிக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். கைக்குள் வைத்து மாவு பிசைவதுபோல் பிசைய வேண்டும். முகம் கடைசியில்தான் போகும். முகம் போகும்வரை அவர் பேச மாட்டார். போனதும், "அடுத்தது" என்பார். கூழை வடிகட்டி மரத்தடியில் வெட்டிய குழியில் போட்டு மண் தள்ளுவோம். முட்டை அட்டை செய்கிற ஆலை ஒன்று இந்தக் கூழை வாங்கும் என்று நான் ஒருமுறை சொன்னபோது, "பெருமாள முட்டைக்கு அடியில வைக்கப் போறியா?" என்று கேட்டார். அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

பிளாஸ்டிக் உறை ஒட்டிய படங்கள் ஊறவில்லை. வெந்நீரில் போட்டு ஓரத்தில் பிளேடால் கீறினால் உறை தனியாக உரிகிறது என்று நான் கண்டுபிடித்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நீல மை மட்டும் லேசில் போகாது. "மத்தவங்க எல்லாம் ஒரு தண்ணியில போயிடறாங்க. கிருஷ்ணனும் பெருமாளும் ரெண்டு தண்ணி கேக்கறாங்க" என்பார் அக்கா. சிவன் கழுத்தில் இருக்கும் கொஞ்ச நீலம்கூட அப்படித்தான்.

திங்கட்கிழமை பார்வைக் குழு வந்தது. மரத்தடி காலியாக இருந்தது. டைல்ஸைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாற்றல் உத்தரவு கோப்பிலேயே தங்கிவிட்டது. நான் அதைக் கிழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு தாள் சேர்த்தேன்: சோதனை வெற்றி, தொடரலாம்.

அதன்பிறகு சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. வேலை நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிந்தது. அக்காவோடு பேச்சு தானாக வந்தது. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை வெளியே வரும் சாமியை வைத்தே சொல்லிவிடுவார். பரீட்சை முடிவு வந்த வாரம் சரஸ்வதிகள் வருவார்கள். கையில் கோவணாண்டி முருகனோடு யாராவது வந்தால், "டிவியில எவனோ ஜோசியக்காரன் பேசிட்டுப் போயிருக்கான். இவர வீட்ல வச்சா நாமளும் ஆண்டியாயிடுவமாம்" என்பார். நின்ற கோலத்து லட்சுமி வந்தால், "உக்காந்த லட்சுமி வாங்கிட்டாங்க. இவங்க நின்னுட்டே இருந்தா கெளம்பிப் போயிடுவாங்கன்னு பயம்." நடராஜர் வந்தால் அந்த வீட்டில் சண்டை. காளி வந்தால் அந்த வீட்டுக்குப் புது மருமகள். புதுமனை புகுவிழாவுக்கு எல்லோரும் பெருமாளையே பரிசாகக் கொடுப்பதால், ஒரே வீட்டிலிருந்து நாலு பெருமாள் வரும். பிள்ளையார்தான் அதிகம். "அவரு கோவிச்சுக்க மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்பார் அக்கா.

படத்தை மரத்தடியில் வைப்பது குறைந்து, கையில் கொடுப்பது தொடங்கியது. கையில் என்றால், முதலில் அப்படி இல்லை. மாடி வீட்டு அம்மா ஒருவர் படத்தைக் கேட்டின் தூண்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். அக்கா எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் சிரித்து நலம் விசாரித்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. "கையில குடுக்கச் சொல்லுங்களேன்" என்றேன்.

"சொன்னா குடுப்பாங்க. நான் சொல்லி எதுக்குக் குடுக்கணும்?" என்றார்.

நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் மடியில் ஒரு படத்தைத் துணி சுற்றி வைத்திருந்தாள். அக்கா துணியை விலக்கிப் பார்த்தார். தவழும் கிருஷ்ணர். பிள்ளை வேண்டும் என்று படுக்கையறையில் மாட்டுகிற படம். "புள்ள பொறந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா துணியை மறுபடி சுற்றி, "இன்னிக்கு வாங்கறதில்லம்மா. டிரம்மு ரொம்பிடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றார்.

அவர்கள் போனதும், "டிரம் பாதிதானே இருக்கு?" என்றேன்.

"உனக்கு மணி பாக்கத் தெரியும். அத மட்டும் பாரு."

அந்தப் பெண் பிறகு வந்தாளா, படம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அக்கா கேட்டு வைத்திருக்கலாம். என்னிடம் சொன்னதில்லை.

"இத்தனை சாமிய கரைக்கறீங்களே, உங்களுக்கு எந்தச் சாமி?" என்று ஒருநாள் கேட்டேன். குலதெய்வம் பச்சையம்மன் என்று சொல்வார், பேரே அதுதானே என்று எதிர்பார்த்தேன். கூழைப் பிழிந்துகொண்டே, "வேல நேரத்துல எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். "வீட்டுக்குப் போனா வெளக்கு ஏத்துவேன். இங்கேருந்து ஒரு படம்கூட எடுத்துட்டுப் போனதில்ல. ஏழுமலை கேட்டான், அந்த வெள்ளிச் சட்டம் போட்ட லட்சுமி நல்லா இருக்குது, எடுத்துக்கோக்கான்னு. அவங்க வெளிய வந்தது போறதுக்கு. நான் புடிச்சு வைக்கக் கூடாது."

எனக்கு அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படி ஒரு கதையை இங்கே எழுதினால் அவரே சிரிப்பார். நான் இன்னும் கோயிலுக்குப் போவதில்லை. நாங்கள் சேர்ந்து ஒரு வேலையைச் சரியாகச் செய்தோம். அவ்வளவுதான். இந்த வயதுவரை அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை.

செவ்வாய் இரவு மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மகளோடு போனில் வெகுநேரம் பேசிவிட்டுப் படுத்திருக்கிறார். தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் இப்போது காலாப்பட்டு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எந்தக் கஷ்டமும் பட்டிருக்காது சார். நான் பாத்திருக்கேன், முகத்துல தெரியும்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாவுக்குத் தடத்து வீட்டுக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். சொல்தா முசியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மாடி வீட்டு அம்மா மாலையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. செல்வி பார்த்து, "உள்ள வாங்கம்மா" என்று கூப்பிட்ட பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வந்தது. மேலாளர் முந்தின நாளே போன் செய்தார். அந்தம்மா இல்லை, இனிமேல் அந்தச் சோதனை தேவையில்லை, டிரம்மில் இருப்பதை ஒரே நடையாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்றார். டிரம்மில் இருந்தவை செவ்வாய்க்கிழமை அக்கா ஊறப்போட்ட படங்கள். நான் பார்க்கிறேன் என்றேன். ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அக்காவுக்கு இருந்தது. எனக்கு, பார்க்கிறேன் என்று சொல்ல மட்டும்தான் வந்தது.

காலையில் ஏழுமலையும் நானும் பம்ப் அறையைத் திறந்தோம். வெளியே நாலைந்து பேர் நின்றார்கள். இந்த வாரம் படம் கொடுத்தவர்கள். சும்மா பார்க்க வந்தேன் என்றார் ஒருவர். உண்மையில் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: நம் சாமி என்ன ஆகும்?

"இப்ப யாரு பண்றது?" என்று கேட்டார் மாடி வீட்டு அம்மா.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சொல்தா முசியே வந்து, டிரம் பக்கத்தில் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டார். அவருடைய மனைவி கும்பிட்ட வேளாங்கண்ணி மாதாவும் அதில் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "செத்துப்போனவளோட படத்த அந்தம்மாகிட்ட நம்பிக் குடுத்தேன். வண்டியில போட உடுவேனா?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் தன் படத்தைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஊறிப்போயிற்று என்றேன். மாடி வீட்டு அம்மா டிரம்மை எட்டிப் பார்த்தார். பிறகு, "கிளவுஸ் இருக்குமா?" என்றார்.

"இருக்குதும்மா. ஆனா உங்க சாமிதானே?" என்றார் ஏழுமலை.

அந்த அம்மா வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டார். தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடினார். அவருடையது எதுவென்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கையில் வந்ததை எடுத்தார். யாருடைய வீட்டுப் பிள்ளையாரோ. பிசையத் தொடங்கினார். சப்பாத்தி மாவு பிசைகிற கை, நன்றாகவே செய்தார். முகம் கரைந்ததும் நிமிர்ந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார்.

வண்டி நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. மேலாளரிடம் சொல்லிவிட்டேன், இது இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் இருக்கும் என்று. திட்டினார். திட்டட்டும்.

பச்சையம்மா அக்கா, செவ்வாய்க்கிழமை நீங்கள் ஊறப்போட்டது எல்லாம் கரைந்துவிட்டது. ஒன்றும் வண்டிக்குள் போகவில்லை. அந்தத் தடத்துக்கு வருகிற புது ஆளிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதை மாடி வீட்டு அம்மாவே சொல்லிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் அதிகமாகவே. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.